மண் அத்தர்: ஒரு மதிப்பீடு

கவிதைக்கு மதிப்புரை எழுதுகிறோம்; சிறுகதைக்கும் எழுதுகிறோம். ஆனால் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் அத்தருக்கு 'நன்று', 'நன்றன்று' என்னும் இரு சொற்களுக்கு மேல் நாம் செலவிட்டதில்லை. வெள்ளிக்கிழமைக் குளியலுக்குப் பின்னும், பெருநாள் காலையிலும், நிக்காஹ் மஜ்லிஸிலும் சீசாவைத் திறந்து ஒருவர் கையில் ஒருவர் தடவிவிடுகிறோம், முகர்ந்து தலையசைக்கிறோம், அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு நூலை முதற்பக்கம் மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புக் கூறுபவரை நாம் ஏற்பதில்லை. அத்தரை மட்டும் மூடியைத் திறந்த மாத்திரத்திலேயே தீர்த்துவிடுகிறோம்.

ஆகவே ஓர் அத்தரை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை படித்துப் பார்க்கலாம் என எண்ணினோம். எடுத்துக்கொண்டது, வடநாட்டார் 'மிட்டி அத்தர்' என்றும் நம்மவர் 'மண் அத்தர்' என்றும் அழைக்கும் பண்டம். காய்ந்த நிலத்தில் முதல் மழைத்துளி விழுந்ததும் எழும் மணத்தைச் சீசாவில் அடைத்தது என்பது அதன் புகழ். குளிர்ச்சியும் மண்ணின் இயல்பும் கூடிய, ஆடவர்க்கேற்ற அத்தர் என்று கோவைக் கடைவீதிகளிலும் அது விற்கப்படுகிறது. அப்புகழுக்கு அது தகுதியுடையதா? மனிதத் தோலில் ஒரு பகற்பொழுது அது எவ்வாறு நடந்துகொள்கிறது? இவையே நம் கேள்விகள்.

இக்கேள்விகளைக் கேட்கக் கொங்கு நாட்டாருக்குத் தனி உரிமை உண்டு. அரபு மொழியில் 'இத்ர்' என்பது நறுமணம். 'அத்தார்' என்பவர் நறுமணப் பொருள் விற்பவர். கோவை ஒப்பணக்காரத் தெருவில் நிற்கும் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசலின் பெயரிலேயே அம்மணம் குடியிருக்கிறது. மேலும் இது மழைக்குக் காத்திருக்கும் நாடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் கோவைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று தாராளமாக வருகிறது. மழை அவ்வளவு தாராளமாக வருவதில்லை. நாள்தோறும் மழை பெய்யும் ஊரில் மண்வாசனையை யார் பொருட்படுத்துவார்? பல்லடத்துச் செம்மண்ணிலும் உடுமலைப் பக்கத்துக் கரிசலிலும் சித்திரை வெயிலில் நின்று வானத்தைப் பார்த்த உழவனுக்கே அதன் விலை தெரியும். இவையன்றி மூன்றாவதாக ஓர் உரிமையும் நமக்கு உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம். இம்மதிப்பீட்டின் தீர்ப்பே அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் இப்பண்டம் பிறக்கும் விதத்தைக் காண்போம். இதன் தாயகம் உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகர். அங்கே கோடையில் வெட்டியெடுத்த களிமண்ணைச் சிறு வட்டுகளாகத் தட்டிச் சூளையில் சுடுகின்றனர். உடைந்த மண்குவளைகளையும் பயன்படுத்துவதுண்டு. இவற்றைச் செம்புக் கொப்பரையில் நீருடன் இட்டு, மூடியைச் சுற்றிக் களிமண்ணும் பஞ்சும் அப்பி, ஆவி கசியாதபடி அடைக்கின்றனர். கொப்பரைக்குத் 'தேக்' என்று பெயர். அதிலிருந்து கயிறு சுற்றிய மூங்கிற்குழாய் ஒன்று, நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும் நீண்ட கழுத்துடைய செம்புக் கலத்திற்குச் செல்கிறது. அக்கலம் 'பப்கா'. விறகுத் தீயில் எழும் ஆவி மண்ணின் மணத்தைச் சுமந்துகொண்டு குழாய் வழியே சென்று பப்காவில் குளிர்கிறது. பப்காவினுள்ளே முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். ஆவி நீராகிக் கீழே தங்க, மணம் சந்தன எண்ணெயில் ஏறிக்கொள்கிறது. பின் நீரை அடியில் வடித்துவிட்டு, புதிய மண்ணிட்டு மீண்டும் காய்ச்சுகின்றனர். இவ்வாறு பல நாட்கள் நடக்கும். வெப்பமானியோ அழுத்தமானியோ இல்லாமல், கொப்பரையின் ஒலியைக் கேட்டும் கலத்தைக் கையால் தொட்டுப் பார்த்தும் வேலை செய்யும் கைவினைஞர்கள் அவர்கள். முடிவில் அத்தரைத் தோற்குப்பிகளில் ஊற்றி வைப்பர். எஞ்சிய ஈரம் தோல் வழியே வெளியேறிவிடும்.

வாசகர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மண்ணுக்கெனத் தனியே பிழிந்தெடுக்கும் எண்ணெய் இங்கு இல்லை. மண் தருவது மணம். அம்மணத்தைத் தாங்கும் உடல் சந்தனம். ஆகவே மண் அத்தர் என்பது பெயரளவில் ஒன்று, பொருளளவில் இரண்டு.

இம்மணத்தின் காரணத்தை அறிவியலார் பின்னரே ஆராய்ந்தனர். 1964 இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்னும் இருவர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் இதற்குப் 'பெட்ரிகார்' என்று பெயரிட்டனர். வறண்ட காலத்தில் களிமண்ணும் பாறையும் தம்முள் ஈர்த்து வைத்துக்கொள்ளும் ஒருவகை எண்ணெய்ப்பசையே ஈரம் பட்டதும் மணமாய் எழுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இந்திய வாசனைத் தொழிலினர் இம்மணத்தை முன்பே கைப்பற்றிவிட்டனர் என்பதையும் அவர்கள் மறைக்காமல் குறிப்பிட்டனர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் 'ஜியாஸ்மின்' என்னும் பொருளும் மண்வாசனையின் ஒரு பகுதியே. இப்பெயர் 1965 இல் வழங்கப்பட்டது. லட்சம் கோடிப் பங்கில் ஒரு சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதனைக் கண்டுகொள்கிறது. பீட்ரூட்டில் வீசும் மண்வாடையும், ஏரி மீனில் சிலசமயம் தென்படும் சேற்றுவாடையும் இதனாலேயே. ஒரே பொருள் ஓரிடத்தில் இன்பமாகவும் மற்றோரிடத்தில் அருவருப்பாகவும் இருக்கிறது. இதனை நினைவில் வைத்தே மண் அத்தரை அணுக வேண்டும்.

இனித் தோலுக்கு வருவோம். சந்தன எண்ணெயில் இறக்கப்பட்ட மண் அத்தரை மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும், இடது மணிக்கட்டிலும் பருத்திச் சட்டையின் கைமடிப்பிலுமாகப் பலநாள் இட்டுப் பார்த்தோம். உளூச் செய்து கை உலர்ந்தபின் ஒரு துளி, தேய்ப்பதில்லை.

முதற்கணத்தில் எழுவது மழை அன்று, புதுப்பானை. குயவர் வீட்டிலிருந்து வந்த பானையில் முதன்முதலாக நீர் ஊற்றும்போது எழுமே, சூளையின் புகையும் சிறு கசப்பும் கலந்த மணம், அதுவே முதலில் வருகிறது. சுட்ட மண்ணிலிருந்து வடித்த பண்டம் தன் பிறப்பை மறைக்காமல் இவ்வாறு தொடங்குவதை நாம் நேர்மை என்றே கொள்கிறோம். சில நிமிடங்களில் புகை தணிகிறது. அதன்பின் அரைமணி நேரம் வரை உண்மையான மண்வாசனை நிற்கிறது: ஈரமும் குளிர்ச்சியும், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது முகத்தில் படும் காற்றின் தன்மையும். இந்த அரைமணி நேரத்திற்காகவே மண் அத்தரைத் தேடி அலைகின்றனர். அந்த அலைச்சல் வீணன்று.

ஆனால் மண் தங்குவதில்லை. தோலின் சூட்டில் அது மெல்ல மெல்ல விலக, அடியிலிருந்து சந்தனம் மேலேறி வருகிறது. ஒருமணி நேரம் ஆனதும் இரண்டும் சமமாய் நிற்கின்றன. பால் காய்ச்சிய வீட்டின் மெல்லினிமை மண்ணின் வறட்சியோடு கலக்கும் இக்கட்டமே நம் கருத்தில் இவ்வத்தரின் உச்சம். லுஹர்த் தொழுகை நேரத்தில் மண் ஒரு நினைவாக மட்டும் எஞ்சுகிறது. அஸருக்குப் பின், கையை மூக்கருகே கொண்டுசென்றால் மட்டும் தெரியும் சந்தனம்; மஃரிபுக்குள் அதுவும் தோலோடு ஒன்றிவிடுகிறது. சட்டைத்துணியில் நடப்பது வேறு. அங்கே சூடு குறைவாதலால் மண்ணும் நெடுநேரம் நிற்கிறது. ஆனால் சந்தனத்தோடு கலவாமல் தனித்து நிற்கிறது. துணி அத்தரைக் காத்து வைக்கிறது; தோல்தான் அதனை வாழவைக்கிறது.

சங்கப் புலவர் ஒருவர் செம்மண்ணில் பெய்த மழைநீரைக் காதலர் நெஞ்சங்களின் கலப்புக்கு உவமை கூறி, அவ்வுவமையாலேயே செம்புலப்பெயனீரார் என்று பெயர் பெற்றார். குறுந்தொகையின் அந்த நாற்பதாம் பாடல், கலந்தபின் பிரிக்கவியலாமையைப் பேசுகிறது. நல்ல அத்தர் தோலில் செய்வதும் அதுவே. மாலையில் முகரும்போது இது அத்தரின் மணம், இது நம் உடலின் மணம் என்று பிரித்துக் கூற முடிவதில்லை.

உடலும் பருவமும் மாறினால் நடத்தையும் மாறும். மார்கழியில் மண்ணின் கட்டம் ஒருமணி நேரத்தையும் கடந்து நின்றது. சித்திரை நண்பகலில் இருபது நிமிடங்களில் கலைந்தது. வறண்ட தோலில் விரைவில் மறைகிறது; எண்ணெய்ப்பசை உள்ள தோலில் தங்குகிறது. வியர்வைதான் பெரிய சோதனை. பஞ்சாலையிலும் வார்ப்படச்சாலையிலும் நாளெல்லாம் உழைப்போர் நிறைந்த ஊர் இது. பூவாசனை அத்தர் பல வியர்வையோடு மோதிப் புளித்துப்போவதை நாம் அறிவோம். மண் அத்தர் மோதுவதில்லை. உழைத்த உடலின் உப்புமணம் அதற்கு அந்நியமன்று. மழை நனைத்த வயலில் நின்றவனின் மணமாக அது மாறிக்கொள்கிறது. ஆடவர்க்குரியது என்று விற்கிறார்களே, அதற்கு ஒரு நியாயம் உண்டென்றால் இதுதான்.

இனி, முன்பு கூறாமல் விட்ட மூன்றாவது உரிமை. மேலே கண்ட நாட்குறிப்பைத் திரும்பப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு இட்ட அத்தரில் பத்து மணிக்கு மேல் நம்மோடு இருந்தது எது? சந்தனம். அச்சந்தனத்தின் வீடு எது? மண் கன்னோசியினுடையது, சந்தனமோ தென்னாட்டு மலைகளுடையது. நமக்கு வடக்கே சத்தியமங்கலம், மைசூர்க் காடுகள். உடுமலையிலிருந்து மலையேறினால் மறையூர். தமிழ்நாட்டின் வடபுறத்தில் சவ்வாது மலை. மைசூர் அரசில் திப்பு சுல்தான் 1792 இல் சந்தனத்தை அரசுக்கே உரிய மரமாக்கினார் என்பர். மைசூரில் சந்தன எண்ணெய் ஆலை 1916 இல் எழுந்தது. தன் வேரால் அண்டை மரத்தின் வேரைப் பற்றி உணவு கொண்டு மெல்ல வளரும் மரம் அது. வைரம் பாய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். பொறுமை வேண்டும் இம்மரத்திற்கு நேர்ந்ததோ கோடரி. சத்தியமங்கலக் காடுகளில் நடந்த சந்தனக் கடத்தல், 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்படும் வரை நாளேடுகளில் நாம் படித்த கதை. தனியார் நிலத்துச் சந்தன மரம் நில உரிமையாளருக்கே உரியது என்னும் சட்டத் திருத்தங்கள் கர்நாடகத்தில் 2001 இலும் தமிழ்நாட்டில் 2002 இலும்தான் வந்தன. இன்று இந்தியச் சந்தனம் ஆஸ்திரேலியாவிலும் பெருந்தோட்டமாகப் பயிரிடப்படுகிறது. நம் நாட்டு எண்ணெயோ கிலோ ஒன்றுக்கு லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது.

விளைவு என்ன? பப்காவில் சந்தன எண்ணெய் இருந்த இடத்தில் திரவப் பாரஃபின் வந்தது. மணமற்ற 'டைஎத்தில் தாலேட்' போன்ற வேதிப்பொருள்கள் வந்தன. கொப்பரையே இல்லாமல், ஆலையில் செய்த ஜியாஸ்மினை இவற்றில் கலந்து 'மண் அத்தர்' என்று பெயரிட்டு விற்பதும் வந்தது. அத்தகைய ஒன்றையும் மணிக்கட்டில் இட்டுப் பார்த்தோம். மூடியைத் திறந்ததும் அசலைவிட உரத்த மண்வாசனை! கடையில் நின்று முகர்பவர் இதையே வாங்குவார். ஆனால் தோலில் அதற்கு வளர்ச்சி இல்லை. முதற்கணத்தில் சொன்னதையே இரண்டு மணி நேரம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது. எஞ்சியது தோலில் ஒரு பிசுபிசுப்பு. இடையில் ஏரிச்சேற்றின் வாடையும் எட்டிப் பார்த்தது. மண்ணைத் தாங்கிக் கனிவிக்கச் சந்தனம் இல்லையெனில், மண்வாசனை எவ்வளவு விரைவில் சேற்றுவாடை ஆகிறது என்பதை அங்கே கண்டோம்.

இக்குறை இக்காலத்திற்கு மட்டும் உரியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தியின் பெயரால் வழங்கும் நறுமண வடிப்பு நூலில், விலையுயர்ந்த கஸ்தூரி முதலியவற்றுக்கு மாற்றுச் செய்யும் முறைகளும் உள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ சந்தைக் கண்காணிப்பு அதிகாரிகளுக்கு எழுதிய கையேட்டில், அத்தார்களின் கலப்படங்களைக் கண்டறிவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மாற்றுப் பண்டம் செய்தலும் அதனைக் கண்டறிதலும் இணைந்தே வந்திருக்கின்றன. மாற்றை மாற்று என்று சொல்லி விற்றால் குறையில்லை. அசலின் பெயரில் விற்பதே குற்றம்.

ஒப்பு நோக்க மேலைநாட்டுப் படைப்பு ஒன்றையும் கூறலாம். 2006 இல் பாரிசின் எர்மெஸ் நிறுவனத்திற்காக ழான் கிளோத் எல்லெனா ஆக்கிய 'தேர் தெர்மெஸ்' என்னும் ஆடவர் நறுமணத்தின் பெயரிலும் 'மண்' இருக்கிறது. ஆரஞ்சுத்தோலின் புத்துணர்ச்சியில் தொடங்கி, மிளகும் தீக்கல்லும் நினைவூட்டும் வறட்சி வழியே, வெட்டிவேரிலும் தேவதாரு வகை மரமணத்திலும் முடியும் கட்டமைப்பு அதனுடையது. திறமையான படைப்புத்தான். ஆயினும் அதன் மண், நின்று பார்க்கும் நிலக்காட்சி. மண் அத்தரின் மண், கையால் அள்ளிய மண். அது சாராயக் கரைசலில் அமைந்ததாதலால் பத்தடி தூரம் முன்சென்று அறிவிக்கும். அத்தர் அணைத்துக்கொள்ளும் தூரத்தில்தான் பேசும். சாராயம் கலந்த நறுமணத்தைப் பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேற்றுமையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. குளிர்ச்சி மட்டுமே வேண்டுவோருக்கு வெட்டிவேர் அத்தர் போதும். பானைத் தண்ணீரில் வெட்டிவேர் இட்டுக் குடித்து வளர்ந்த நமக்கு அது தண்ணீரின் மணம். மண் அத்தரோ மழையின் மணம்.

ஆடவரின் நறுமணம், மணம் வெளிப்பட்டு நிறம் மறைந்திருப்பது என்னும் கருத்தில் ஒரு நபிமொழி திர்மிதீ முதலிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. துணியில் கறை படியாமல், கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கும் மண் அத்தர் அவ்வரைவுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. தொழுகை அணியில் தோளோடு தோள் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுமுட்டும் வாசனை, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அண்டை அறியாத வாசனையே. இவ்வகையிலும் மண் அத்தர் தேறுகிறது.

குறைகளையும் கூறாவிடில் மதிப்பீடு புகழுரையாகிவிடும். மண்ணின் கட்டம் மிகக் குறுகியது. மழைக்காக வாங்கியவர் அரைமணியில் சந்தனத்தோடு விடப்படுவதைக் குறையாகக் கருதலாம். திருமண மண்டபத்தின் ஊதுவத்திப் புகையிலும் பிரியாணி மணத்திலும் இதன் குரல் எழாது. சிலருக்கு இது பூட்டிக்கிடந்த அறையின் நெடியாகத் தோன்றும். அவரை நாம் குறைகூற முடியாது. இளைஞருக்கு முதல் முகர்வில் இது வாசனையாகவே படாமலும் போகலாம்.

ஆயினும் நம் தீர்ப்பு இது: சந்தனத்தில் இறங்கிய மண் அத்தர், ஆடவர் நறுமணங்களில் உயர்ந்த படைப்பு, சந்தனமின்றி வரும் மண் அத்தர், அட்டை மட்டும் அழகான நூல். வாங்குவோர் கடைக்காரரிடம் 'மண்வாசனை இருக்கிறதா' என்று கேட்க வேண்டாம். அது எல்லாவற்றிலும் இருக்கும். 'எந்த எண்ணெயில் இறக்கியது' என்று கேளுங்கள். கையில் ஒரு துளி இட்டுக்கொண்டு, வாங்காமலே வீடு திரும்புங்கள். அஸருக்குப் பின் மணிக்கட்டை முகர்ந்து பாருங்கள். அப்போதும் அங்கே ஏதேனும் மிஞ்சியிருந்தால் மறுநாள் சென்று வாங்குங்கள்; ஒரு தோலா வேண்டாம், கால் தோலா போதும். இடம் இருப்போர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சந்தனக் கன்றை, பக்கத்தில் ஒரு துவரைச் செடியோடு நட்டு வையுங்கள். அதன் வைரம் நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில்தான் மணக்கும். மண் தன் வேலையைச் செய்துவிடும். நாம் காக்க வேண்டியது சந்தனத்தை.